ஒட்டுப்பாலுக்குத் தராசு உண்டு. குப்பைக்கு ஏன் இல்லை?



பால்மரம் வெட்டிய கைகளுக்கு நான் சொல்ல வரும் செய்தி புதிதன்று. விடியற்காலையில் நிரைக்குப் போன தொழிலாளி, கத்தியை மரத்தில் வைக்குமுன் என்ன செய்தார்? வெட்டுக்கோட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டார். மங்கில் உறைந்து கிடந்த கட்டிப்பாலை எடுத்து வேறாக வைத்தார். மரத்தடியில் சிந்தி மண்ணோடு கலந்ததைத் தனியே பொறுக்கினார். பிறகுதான் வெட்டு. நண்பகலில், வாளியில் வந்த பால் வேறு, பையில் வந்தது வேறு என்று ஸ்டோரில் தனித்தனியே எடை போட்டார்கள். கிராணி ஐயா தனித்தனியே எழுதினார். மண்ணும் பட்டையும் கலந்திருந்தால் எடையில் கழிவு விழுந்தது. ஆதலால் கலக்காமல் கொண்டுவந்தார்கள்.

குப்பை தோன்றும் இடத்திலேயே தரம் பிரிக்க வேண்டும் என்று இன்று பட்டணத்தில் பலகை நட்டுச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அந்தப் பாடம் இதுதான். பள்ளிக்கூட வாசலை மிதியாத நம் பாட்டிமார் அதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டினார்கள். அவர்களைச் செய்ய வைத்தவை மூன்று: தனித்தனிப் பை, ஸ்டோரில் ஒரு தராசு, கிராணியிடம் ஒரு கணக்கேடு. மூன்றும் இருந்தன, ஒழுங்கு தானே வந்தது.

அடுக்குமாடி வீடுகளிலும் கடை வரிசைகளிலும் மறுசுழற்சித் திட்டம் தோற்றுப் போவதற்கு மக்களின் ஒழுங்கீனமே காரணம் என்று கூறும் நிர்வாகங்களை நான் கேட்பது இதுதான்: தொட்டியை வைத்தீர்கள், சரி, தராசையும் கணக்கேட்டையும் ஏன் வைக்கவில்லை?

லயத்திலிருந்து மாடிக்கு

அசாம் ஜாவாவில் நின்று நாற்புறமும் பாருங்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தபின் கோலாலம்பூர் இன்னும் பக்கத்தில் வந்துவிட்டது. ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, இங்கெல்லாம் தோட்டத்தில் பிறந்தவர்களில் எத்தனையோ பேர் இன்று மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள்.

லயத்தில் இருந்த காலத்தில் குப்பை யாருடைய பொறுப்பு என்ற ஐயமே எழவில்லை. வீடு தோட்டத்துடையது, குப்பைக் குழியும் தோட்டத்துடையது. வாசல் கூட்டுகிறவருக்குப் பேர் போட்டார்கள். மருத்துவமனை டிரசர் ஐயா வாரத்துக்கு ஒருமுறை லயத்தைச் சுற்றி வந்து சாக்கடையையும் தண்ணீர் தேங்கிய டின்னையும் பார்த்தார். அந்த ஏற்பாட்டில் குறைகள் ஆயிரம் இருந்தன. ஆனால் "இது உன் குப்பை, நீயே பார்த்துக்கொள்" என்று எந்தத் துரையும் கைகழுவ முடியவில்லை.

மாடிக்கு வந்தபின் என்ன ஆயிற்று? வீட்டுக்காரர் ஒருவர், வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர், நிர்வாகம் மூன்றாமவர், துப்புரவுக் குத்தகைக்காரர் நான்காமவர், குப்பை லோரி ஐந்தாமவர். பொறுப்பு ஐந்தாகப் பிரிந்தது. ஐந்தாகப் பிரிந்த பொறுப்பு ஒருவர் கையிலும் நில்லாமல் கடைசியில் மாடிப்படி கூட்டும் அம்மாவின் தலையில் போய் விழுந்தது.

நான் கண்ட ஒரு காட்சி

நானறிந்த ஓர் ஐந்துமாடிக் கட்டடத்தில், பெயர் வேண்டாம், சில ஆண்டுகளுக்கு முன் மூன்று தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். நீலம் காகிதத்துக்கு, பழுப்பு கண்ணாடிக்கு, ஆரஞ்சு டின்னுக்கும் பிளாஸ்டிக்குக்கும். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனேன். நீலத் தொட்டியில் பழஞ்சோறு. ஆரஞ்சுத் தொட்டியில் குழந்தைகளின் பம்பர்ஸ். பழுப்புத் தொட்டியைக் காணவேயில்லை.

அத் தொட்டிகளுக்குள் கையைவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. கையுறை இல்லை. முன்னாளில் நம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். டின்னையும் அட்டையையும் பழைய சாமான் லோரிக்காரனிடம் போட்டு ஏதோ சில வெள்ளி பார்த்து வந்தாராம். அதற்கும் தடை வந்துவிட்டது. தொட்டியில் விழுவதெல்லாம் கட்டடத்தின் சொத்து என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். பிரிக்கும் வேலை மட்டும் நிற்கவில்லை.

"தோட்டத்துல ஒட்டுப்பாலுக்காவது காசு எழுதுனாங்க தம்பி. இங்க நான் பிரிக்கிறதுக்கு யாரு எழுதுறா?" என்று கேட்டார்.

விடை சொல்ல என்னால் முடியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. இக் கட்டுரைக்கு வித்து அதுவே.

குப்பை வந்து சேர்வது நம் ஊருக்கு

"எறிந்தால் போய்விடும்" என்று மாநகரவாசி எண்ணலாம். நம்மால் அப்படி எண்ண முடியாது. அவர்கள் எறிவது நம் பக்கந்தான் வருகிறது. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் போன்ற ஊர்களின் குப்பையை ஏற்க 2007இல் திறந்தது ஜெராம் குப்பை நிலம். அது இருப்பது நம் குவாலா சிலாங்கூர் மாவட்டத்தில். கோலாலம்பூரின் குப்பைக்கு 2005 முதல் இடம் கொடுத்தது உலு சிலாங்கூரின் புக்கிட் தாகார். தலைநகரம் உண்டு முடித்த இலையை வடசிலாங்கூர் எடுத்து வைத்துக்கொள்கிறது.

இவை பழைய காலத்துத் திறந்த மேடுகளல்ல. அடியில் விரிப்பிட்டு, கசிநீரைப் பிடித்து, மேலே மண் மூடி நடத்தப்படுபவை. புக்கிட் தாகாரில் குப்பையிலிருந்து எழும் வாயுவைக் கொண்டு மின்சாரமும் எடுக்கிறார்கள். எனினும் நிலம் நிலந்தான். ஒருமுறை நிரம்பினால் இன்னொரு நிலம் தேட வேண்டும். அந்த இன்னொரு நிலம் எங்கே இருக்கும்? டாமன்சாராவிலா இருக்கப் போகிறது? ஆகவே மாநகரத்து மாடியில் தரம் பிரித்தால் அதனால் மூச்சு விடப் போகிறவர்கள் நாம். தரம் பிரிக்காவிட்டால் விலை கொடுப்பவர்களும் நாமே.

சட்டம் என்ன சொல்லுகிறது?

திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் 2007இல் நிறைவேறியது. அச் சட்டத்தை ஏற்ற மாநிலங்களிலும் கூட்டரசுப் பிரதேசங்களான கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமாயிற்று. 2016 ஜூன் முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகியவை அதன்கீழ் வந்தன. சிலாங்கூர் அன்று அதில் சேரவில்லை. பினாங்கும் சேரவில்லை, ஆனால் அது கைகட்டி நிற்காமல் தன் சொந்தக் கொள்கையாகவே தரம் பிரிப்பதைக் கொண்டுவந்தது. சட்டம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்போருக்குப் பினாங்கே மறுமொழி.

நாடு முழுதும் 2023இல் மறுசுழற்சிக்குப் போனது குப்பையில் 35.38 விழுக்காடு என்று அரசு கணக்குக் காட்டியது. 2025க்குள் 40 விழுக்காடு என்பது வைத்த இலக்கு. எஞ்சியது குழிக்குப் போனது.

அடுக்குமாடிக்கு வேறொரு சட்டமும் உண்டு. 2013ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டம் 2015 ஜூன் முதல் சிலாங்கூரிலும் நடப்பில் உள்ளது. பொது இடத்தைப் பேணுவது நிர்வாக அமைப்பின் கடமை. அதற்காகவே பராமரிப்புக் கட்டணம். வரவு செலவுக் கணக்கு வைக்க வேண்டும். ஆண்டுக் கூட்டம் கூட்ட வேண்டும். குப்பை அறை பொது இடமல்லவா? அங்கே சேரும் அட்டையையும் டின்னையும் விற்ற பணம் அந்தக் கணக்கில் ஏற வேண்டாமா? ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து இக் கேள்வியைக் கேட்க வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே வாக்கு இல்லை. அவர்களுக்காகப் பேசும் கடமை உரிமையாளருக்கு இருக்கிறது.

தொழிலாளர் தங்குமிடங்களையும் மறந்துவிடக் கூடாது. தோட்ட வீடுகளுக்கென்று இருந்த 1990ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் மற்றத் தொழில்களின் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. தொழிற்சாலை விடுதியில் அடைந்து கிடக்கும் வங்காளதேசத்து, நேப்பாளத்துத் தோழர்களின் குப்பையும் ஒரு முதலாளியின் கூரைக்குக் கீழே உண்டாகும் குப்பைதான்.

முதலாளிக்குக் குப்பை என்பதே இல்லை

1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நட்டார்கள். செம்பனை ஆலைக்குள் சென்று பாருங்கள். எண்ணெய் எடுத்தபின் நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. காய் உதிர்த்த வெறுங்குலை மரத்தடிக்கு உரமாகத் திரும்பிப் போகிறது. லாபம் உள்ள இடத்தில் எதையும் வீணாக்காத வித்தை முதலாளிமாருக்குத் தெரியும். அதே முதலாளிமார் அந்த வித்தையைத் தொழிலாளி குடியிருக்கும் வீட்டு வாசலுக்கும் கொண்டுவர வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

கடைக்காரர்களுக்கும் இது பொருந்தும். ஒரு கடை வரிசையில் கீழே மளிகைக் கடை, பக்கத்தில் கோப்பிக் கடை, மேலே தையற்கடையும் அலுவலகமும். மளிகைக் கடையின் அட்டைப்பெட்டிக்கு ஈரம் படாதவரை விலை உண்டு. கோப்பிக் கடையின் எச்சில் குழம்பு அதன்மேல் ஊற்றப்பட்ட கணத்தில் விலை போயிற்று. பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் சாக்கடை அடைக்கும்; டின்னில் சேர்த்து வைத்தால் எரிபொருள் செய்ய வாங்கிப் போகிறார்கள். கடை ஒவ்வொன்றும் தனித்தனியே லோரிக்காரனிடம் பேசினால் அவன் வைத்ததே விலை. வரிசை முழுதும் ஒன்று சேர்ந்து ஓர் இடம் ஒதுக்கி, கூரை போட்டு, பூட்டுப் போட்டு, வாரத்துக்கு ஒரு நாள் எடை போட்டு விற்றால் பேசும் பலம் நம் பக்கம். ஒற்றுமையின் பயனைச் சங்கத்தாருக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

பிற இடத்துத் தொழிலாளர்

இந்தியாவில் பூனா நகரில் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்கள் 1993இல் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். முதலில் அவர்கள் போராடிப் பெற்றது அடையாள அட்டை. திருடி என்று விரட்டப்பட்டவள் தொழிலாளி என்று பெயர் பெற்றாள். பின்னர் 2008இல் அச் சங்கத்தின் வழிப் பிறந்த கூட்டுறவு அமைப்பு மாநகராட்சியோடு உடன்படிக்கை செய்துகொண்டது. வீடு வீடாகப் பிரித்து வாங்குவது அவர்கள் வேலை. அதற்கு வீட்டார் மாதக் கட்டணம் தரவேண்டும். விற்கத்தக்க பொருளின் வருவாய் பிரிப்பவருக்கே உரியது. நம் ஐந்துமாடி அம்மாவுக்கு யாரும் எழுதாத கணக்கை, அங்கே சங்கம் எழுத வைத்தது.

தமிழகத்தில் நீலகிரி மலையில் மதுப்புட்டிகளை உடைத்து எறிவதால் யானை முதலிய விலங்குகளுக்குத் தீங்கு நேர்கிறது என்று வழக்கு நடந்து, 2022இல் அரசு மதுக்கடைகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவது. காலிப் புட்டியைத் திருப்பினால் அதைத் திருப்பித் தருவது. காட்டில் எறிந்தவர் கையே கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் அது பரவியபோது கடை ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பின. புட்டி வாங்கி, எண்ணி, அடுக்கும் வேலையை யார் செய்வது, அதற்கு ஆள் எங்கே என்று கேட்டன. இரண்டு பாடமும் நமக்கு வேண்டும். காசு திரும்பினால் மக்கள் ஒழுங்காவார்கள். ஆள் போடாமல் வேலையை ஏற்றினால் தொழிலாளி நசுங்குவான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பைக்குச் சீனா 2018இல் கதவடைத்தவுடன், அக் குப்பை நம் நாட்டுத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. குவாலா லங்காட்டில் ஜென்ஜாரோம் ஊரில் உரிமமில்லாத ஆலைகள் முளைத்தன. விற்க முடியாததை இரவில் கொளுத்தினார்கள். ஊரார் மூச்சுத் திணறினார்கள். அதற்கும் மறுசுழற்சி என்றுதான் பெயர். ஆகவே வாங்கிப் போகிறவன் யார், உரிமம் உண்டா, எங்கே கொண்டு போகிறான் என்று கேட்காமல் ஒரு சாக்கையும் ஏற்றிவிடக் கூடாது.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, இடம். கூரையும் தண்ணீர்க் குழாயும் பூட்டும் உள்ள அறையை உரிமையாளர் தரவேண்டும். நாலாவது மாடியில் இருப்பவர் ஈரக் குப்பையை ஒரு பக்கமும் டின்னை ஒரு பக்கமும் சுமந்து அலையாதபடி, எல்லாத் தொட்டியும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, தொடக்கத்தில் மூன்றே பிரிவு போதும்: சமையல் ஈரம் ஒன்று, விற்கத்தக்க காய்ந்த பொருள் ஒன்று, மற்றவை ஒன்று. மூன்றும் பழகியபின் வேண்டுமானால் ஏழாக்குங்கள். எது எதில் என்பதைப் படத்தோடு மலாய், தமிழ், சீனம் ஆகியவற்றிலும் வெளிநாட்டுத் தோழர்களின் மொழியிலும் எழுதி ஒட்டவேண்டும்.

மூன்றாவது, தராசு. தொடங்குமுன் ஒரு வாரம் கட்டடத்துக் குப்பையை நிறுத்துப் பார்க்க வேண்டும். பின்னர் வாரந்தோறும் விற்றதை நிறுத்து, வாங்கியவரின் இரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டவேண்டும்.

நான்காவது, கணக்கேடு. வருவாயில் பிரிக்கும் தொழிலாளிக்கு எவ்வளவு, கட்டட நிதிக்கு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் தீர்மானித்து எழுதவேண்டும்.

ஐந்தாவது, பிரிக்கும் வேலை வேலையே. அதற்கு நேரம் ஒதுக்கிச் சம்பளம் தரவேண்டும். கையுறை, முழங்கால் சப்பாத்து, சோப்பு தரவேண்டும். துப்புரவுக் குத்தகை எழுதும்போதே இதைச் சேர்க்காவிட்டால் பிறகு சேராது.

நம் குறையும் உண்டு

நிர்வாகத்தை மட்டும் குறை சொல்லி முடித்தால் அது நேர்மையாகாது. மூன்றாம் மாடியிலிருந்து பையை வீசி எறிகிறவர் யார்? நம்மவர்தாமே! டின்னில் தண்ணீர் தேங்கக் கொசு வளர்கிறது. டெங்கிக் காய்ச்சல் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு சிலாங்கூர் பேர் முன்னால் நிற்பதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். படித்த தாளை அந்த டின்மேலேயே எறிகிறோம். கீழே கூட்டுகிற அம்மாவுக்கு நம் தாயின் வயது என்பதை மறந்தோமா?

இதில் பெரும் பணம் வரும் என்றும் நான் ஆசை காட்ட மாட்டேன். அட்டை விலை ஏறும், இறங்கும். பம்பர்சுக்கும் குழம்பு ஒட்டிய பிளாஸ்டிக்குக்கும் வாங்குவார் இல்லை. ஒட்டுப்பாலும் பெரும் பணமல்லவே! ஆனாலும் அதை நிலத்தில் விட்டுவிட்டு வீடு திரும்பிய தொழிலாளியை நான் கண்டதில்லை. தன் பெயருக்கு நேரே அது எழுதப்படும் என்று அவருக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நோட்டீசு வரும்போது அதைக் கசக்கி எறியாதீர்கள், போய் உட்காருங்கள். கிளைக் கூட்டத்தில் தோட்ட வீடுகளைப் பற்றிப் பேசும்போது இதையும் ஒரு தீர்மானமாக வையுங்கள். "எங்கள் கட்டடத்துக் குப்பை எவ்வளவு எடை? விற்றது எவ்வளவு? பிரித்தவருக்குக் கொடுத்தது எவ்வளவு?" இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

யாரு எழுதுறா என்று கேட்ட அந்த அம்மாவுக்கு, நாங்கள் எழுத வைத்தோம் என்று சொல்லும் நாள் வரட்டும்.